திணையின் சராசரியா, புலவரின் சராசரியா? தமிழாய்வில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு: ஒரு கருத்துரை

தமிழியல் ஆய்வேடுகளில் புள்ளியியல் அட்டவணைகள் பெருகி வருகின்றன. மொழி கற்பித்தல், சமூக மொழியியல், நடையியல் ஆகிய துறைகளில் இரண்டுக்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகளை ஒப்பிட வேண்டிய இடங்களில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு இடம்பெறுகிறது. அட்டவணையின் கீழே பெரும்பாலும் ஒரே தொடர்தான் காணப்படும்: கணக்கிடப்பட்ட எஃப் மதிப்பு அட்டவணை மதிப்பைவிட மிகுதியாதலின் இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது. இத்தொடரை நானும் எழுதியிருக்கிறேன். எழுதியதற்கு அடுத்த தொடரில் நான் செய்த பிழையே இக்கருத்துரைக்குக் காரணம்.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கான என் ஆய்வேடு ஐங்குறுநூற்றின் நடை பற்றியது. ஒவ்வொரு பாடலிலும் பண்படைகள் எத்தனை வருகின்றன என்று எண்ணித் திணைவாரியாகச் சராசரி கண்டு, ஐந்து சராசரிகளையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினேன். எண்ணுவதற்கு ஒரு பருவம் முழுதும் ஆயிற்று. மென்பொருளில் கணிப்பதற்குச் சில நொடிகளே ஆயின. வேறுபாடு 5 விழுக்காட்டு மட்டத்தில் தேறியது. திணை மாறும்போது அடைவழக்கும் மாறுகிறது, எனவே நிலப்பின்னணி நடையைத் தீர்மானிக்கிறது என்று மூன்றாம் இயலின் முடிவில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் எவரும் மறுக்கவில்லை. அட்டவணைகளால் ஆய்வு அறிவியல் தன்மை பெற்றுள்ளது என்ற பாராட்டும் கிடைத்தது.

பின்னர் ஒருநாள், இளங்கலை மாணவர்க்கு எட்டுத்தொகையை அறிமுகம் செய்யும்போது, ஐங்குறுநூற்றின் ஐந்து நூறுகளையும் பாடியவர்களை நிரல்படச் சொல்லும் பழைய வெண்பாவைக் கரும்பலகையில் எழுதினேன். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். தமிழ் முதுகலை பயின்ற எவருக்கும் இது மனப்பாடம். எனக்கும் அப்படியே. எழுதி முடித்தபோது என் மூன்றாம் இயல் நினைவுக்கு வந்தது. அன்று மாலை அந்த அட்டவணையை எடுத்துத் தலைப்புகளிலிருந்த திணைப்பெயர்களை நீக்கிவிட்டுப் புலவர் பெயர்களை இட்டுப் பார்த்தேன். அட்டவணையில் ஓர் எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிலம் நடையைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்றாக நான் காட்டிய அதே எஃப் மதிப்பு, புலவர்க்குப் புலவர் நடை வேறுபடும் என்பதற்கும் அப்படியே சான்றாக நின்றது. ஒரு திணைக்கு ஒரே புலவர் என்னும் அமைப்பில் இவ்விரண்டையும் எந்தக் கணக்கும் பிரித்துக் காட்ட இயலாது.

இம்முறை என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். நம் ஆய்வேடுகளில் மிகுதியும் விடுபடுவது இப்பகுதியே. சராசரிகளை ஒப்பிடுவதற்கு வந்த முறை, பெயரில் மட்டும் மாறுபாட்டைத் தாங்கி நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு. இரண்டு சராசரிகளுக்கு இடையிலான தொலைவு பெரிதா சிறிதா என்பதைத் தொலைவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழுவின் உள்ளேயும் உறுப்புகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். விளக்கத்திற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. மூன்று குழுக்கள், குழுவுக்கு மூன்று பாடல்கள். எண்ணிக்கைகள் முறையே 4, 5, 6. 5, 6, 7. 9, 10, 11 என்க. குழுச் சராசரிகள் 5, 6, 10. மொத்தச் சராசரி 7. குழுக்களுக்கு இடையிலான வர்க்கக் கூடுதல் 42. அதை அதற்குரிய கட்டின்மைக் கூறாகிய 2ஆல் வகுக்க 21. குழுக்களுக்கு உள்ளேயான வர்க்கக் கூடுதல் 6. அதை அதற்குரிய 6ஆல் வகுக்க 1. எஃப் மதிப்பு 21. இப்போது சராசரிகளை மாற்றாமல் சிதறலை மட்டும் கூட்டுவோம்: 1, 5, 9; 2, 6, 10; 6, 10, 14. இடையிலான கூடுதல் அதே 42. உள்ளேயான கூடுதல் 96 ஆகிவிடுகிறது. 6ஆல் வகுக்க 16. எஃப் மதிப்பு 1.31. இக்கட்டின்மைக் கூறுகளுக்கு 5 விழுக்காட்டு மட்டத்தில் அட்டவணை மதிப்பு 5.14. சராசரிகள் ஒன்றாகவே இருந்தும், முதல் தொகுதியில் வேறுபாடு தேறுகிறது, இரண்டாவதில் தேறவில்லை.

இருகுழு ஒப்பீட்டுக்குரிய டி சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன என்று கேட்போர் உண்டு. ஐந்து திணைகளை இருவிரண்டாக எடுத்தால் பத்து இணைகள் வரும். ஒவ்வொன்றிலும் தவறாக வேறுபாடு காணும் வாய்ப்பு 5 விழுக்காடு எனின், பத்தில் ஒன்றிலேனும் அவ்வாறு காணும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. அதனால்தான் முதலில் ஒரே சோதனை. அதில் தேறிய பின்னரே எந்த இணை வேறுபடுகிறது என்னும் தேடல், அதற்குரிய திருத்தங்களோடு. இதில் நம்மவர் பெரும்பாலும் தவறுவதில்லை. மென்பொருளே இதைப் பார்த்துக்கொள்கிறது.

மென்பொருள் பார்த்துக்கொள்ளாத செய்தி வேறு. இப்பகுப்பாய்வு பிறந்த இடம் வயல். ரொனால்டு ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தபோது, 1843 முதல் நடந்துவந்த கோதுமை வயல்களின் விளைச்சல் குறிப்புகள் அங்கே குவிந்திருந்தன. எந்த உரம் எவ்வளவு விளைச்சல் தந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் பாத்திக்குப் பாத்தி மண்ணின் வளமும் வேறு, ஆண்டுக்கு ஆண்டு மழையும் வேறு. 1925இல் வெளியான அவருடைய நூல் இக்கணக்கைப் பிற துறையினர்க்கும் கொண்டுசேர்த்தது. அவர் பெயரின் முதலெழுத்தையே எஃப் என விகிதத்திற்கு இட்டவர் அமெரிக்கப் புள்ளியியலார் ஸ்னெடெகர். ஆனால் ஃபிஷர் கணக்கோடு நிற்கவில்லை. ஒவ்வோர் உரத்தையும் பல பாத்திகளில் இடுக, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க என்று வயலின் அமைப்பையே வகுத்துக் கொடுத்தார். அவ்வமைப்பு இல்லாதவிடத்து எஃப் மதிப்பு உரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பாத்தியைப் பற்றிப் பேசக்கூடும்.

ஐந்து உரங்களை ஐந்தே பாத்திகளில் இட்டு, பாத்திக்கு நூறு கதிர்களை அளந்த உழவரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் ஐந்நூறு அளவைகள் இருக்கின்றன. உரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததோ ஐந்து பாத்திகள் அளவே. ஐங்குறுநூற்றில் நான் செய்ததும் இதுவே. சூழலியல் ஆய்வுகளில் இப்பிழை மலிந்திருப்பதை ஹர்ல்பர்ட் 1984இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஒரே பாத்தியின் அளவைகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவதைப் போலி மீள்செயல் என்னும் பொருள்படும் பெயரால் சுட்டினார். மொழி ஆய்விலும் இதற்கு முன்பே, 1973இல், கிளார்க் என்னும் உளவியலார் இதையொத்த குறையைக் கண்டித்திருந்தார்: ஆய்வாளர் தெரிந்தெடுத்த சில சொற்களுக்குப் பொருந்தும் முடிவை மொழி முழுமைக்கும் உரியதாகச் சொல்லிவிடுகிறோம் என்பது அவர் வாதம்.

என் அட்டவணையில் இன்னொரு குறையும் இருந்தது. அதுவும் நூலின் அமைப்பை அறிந்தவர்க்கே புலப்படும். ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை, எஞ்சியவை 498. நான் 498 தனித்தனிச் சான்றுகள் இருப்பதாகக் கணக்கிட்டேன். ஆனால் அந்நூல் பத்துப் பத்தாகக் கட்டப்பட்டது. வேட்கைப் பத்தின் பாடல்கள் எல்லாம் ஒரே வாழ்த்தோடு தொடங்குகின்றன. கள்வன் பத்தில் நண்டும், எருமைப் பத்தில் எருமையும் பாடல்தோறும் வருகின்றன. தொண்டிப் பத்து முழுதும் ஓரூரைச் சுற்றியே நிற்கிறது. ஒரு பத்தில் ஒரு சொல்லோ அடையோ வந்துவிட்டால் அது பத்து முறை வருவது புலவரின் திட்டம். பத்துத் தனிச் சான்றுகள் ஆகா. எனவே சான்றின் அலகு பாடல் அன்று, பத்து. அலகுகள் 498 அல்ல, 50.

இது வெறும் நுணுக்கம் என்று தள்ளத்தக்கதன்று. அலகு 498 எனக் கொண்டால், 5 விழுக்காட்டு மட்டத்தில் தேறுவதற்கு எஃப் மதிப்பு ஏறத்தாழ 2.39 இருந்தால் போதும். மொத்த மாறுபாட்டில் திணை விளக்கும் பங்கு 2 விழுக்காட்டை எட்டாவிட்டாலும் அந்த மதிப்பு வந்துவிடும். அலகு 50 எனக் கொண்டால் தேவைப்படும் எஃப் மதிப்பு ஏறத்தாழ 2.58. பார்வைக்குப் பெரிய வேறுபாடில்லை. ஆனால் அதற்குத் திணை விளக்க வேண்டிய பங்கு 19 விழுக்காட்டை நெருங்குகிறது. முன்னதில் எளிதாகத் தேறுவது பின்னதில் தேறாமற் போகலாம்.

பாடலின் நீளத்தையும் நான் கருதவில்லை. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் மூன்றடி முதல் ஆறடி வரையின. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீரால் வருவதால், மூன்றடிப் பாடலில் 11 சீர், ஆறடிப் பாடலில் 23 சீர். இரட்டிப்புக்கு மேல் இடமுள்ள பாடலில் அடைகளும் கூடுதலாக இருப்பதில் வியப்பென்ன? எண்ணிக்கையைச் சீர்க்கணக்கால் வகுத்திருக்க வேண்டும். யாப்பிலக்கணம் படித்த எனக்கு இது தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடியளவைப் பற்றிப் பேசும்போது மற்றொன்று. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய மூன்றன் சராசரி அடிநீளங்களை ஒப்பிட்டு வேறுபாடு தேறியது எனக் காட்டினால் எஃப் மதிப்பு மலைபோல் வரும். ஆனால் குறுந்தொகை நான்கு முதல் எட்டடி, நற்றிணை ஒன்பது முதல் பன்னிரண்டடி, அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தோரடி என்று அடியளவால் பிரித்தே தொகுத்தோர் தொகுத்தனர். ஆய்வாளர் கண்டுபிடித்தது தொகுப்பாளர் வகுத்த விதியையே. இவ்வளவு வெளிப்படையாக எவரும் செய்யமாட்டார். ஆயினும் அடிநீளத்தோடு உறவுடைய உள்ளுறை, உவமை விரிவு, கருப்பொருள் எண்ணிக்கை ஆகியவற்றை இத்தொகைகளுக்கிடையே ஒப்பிட்டுக் காலவளர்ச்சி என்று முடிவு சொல்லும் போக்கு உண்டு. அங்கே ஒளிந்திருப்பதும் இதே விதிதான்.

அகநானூற்றில் நிலைமை சற்றே நம்பிக்கை தருகிறது. ஒற்றையெண் பாடல்கள் பாலை, இரண்டு, எட்டு என முடிவன குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். ஆக 200, 80, 40, 40, 40. குழுக்களின் அளவு சமமாக இல்லை. ஆனால் இங்கே ஒரே புலவர் பல திணைகளிலும், ஒரே திணை பல புலவரிடத்தும் வருவதால் திணை, புலவர் ஆகிய இரு காரணிகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வழியுண்டு. தடைகளும் உண்டு. பல புலவர்க்கு இத்தொகையில் ஒரு பாடலே கிடைக்கிறது. அப்பாடலில் புலவரையும் திணையையும் மீண்டும் பிரிக்க இயலாது. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் பெயரே புலவரும் திணையும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறது. சமமற்ற குழுக்களில் எந்தக் காரணியை முதலில் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறக்கூடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். திணையை முதலில் சேர்த்துக் கண்டேனா, புலவரையா என்பதை ஆய்வாளர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைக் கேட்டிருக்கிறேன். சங்கப் பாடல்கள் மாதிரி அல்ல, கிடைத்தவை அனைத்துமே நம் முன் உள்ளன. முழுமையையே எண்ணியபின் சோதனை எதற்கு, சராசரியைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்பது அவ்வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஐங்குறுநூற்றில் மருதத்தின் சராசரி இவ்வளவு என்று மட்டும் சொல்வதற்குச் சோதனை வேண்டியதில்லை. ஆனால் மருதத் திணையின் இயல்பு இது என்று சொன்ன அந்நொடியே கிடைத்த பாடல்களைக் கடந்து பேசத் தொடங்கிவிடுகிறோம். அப்பேச்சுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதைத்தான் இச்சோதனை அளக்கிறது. ஃபிஷர் 1935இல் எடுத்துரைத்த வழியொன்று நமக்கு இன்னும் பொருந்தும்: பெயர்களைக் கலைத்துப் போட்டுப் பார்த்தல். ஐம்பது பத்துகளையும் ஐந்து திணைகளுக்குக் கண்டபடி ஆயிரம் முறை பங்கிட்டுப் பார்த்து, உண்மைப் பங்கீட்டில் காணும் அளவு வேறுபாடு அவற்றுள் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். பத்தை உடைக்காமல் கலைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இதுவும் திணையையும் புலவரையும் பிரித்துத் தராது. அலகுப் பிழையை மட்டும் நீக்கும்.

மொழி கற்பித்தல் ஆய்வேடுகளிலும் பாத்திச் சிக்கலே மிகுதி. ஒரு பள்ளியின் மூன்று பிரிவுகளில் மூன்று கற்பித்தல் முறைகள், பிரிவுக்கு நாற்பது மாணவர், நூற்றிருபது மதிப்பெண்கள், தேர்வில் வேறுபாடு தேறுகிறது. கற்பித்தல் முறை காரணமா, பிரிவின் ஆசிரியர் காரணமா, காலை முதற்பாடவேளை காரணமா? முறை ஒவ்வொன்றும் ஒரே பிரிவில் நடந்ததால் அலகுகள் நூற்றிருபது அல்ல, மூன்று. மூன்று அலகுகளை வைத்து மூன்று முறைகளை ஒப்பிட இயலாது. கூடுதலாகச் சில பள்ளிகளை நாடுவது கடினம் என்பது உண்மை. ஆய்வேட்டின் முடிவுரையில் தமிழகப் பள்ளிகளுக்குப் பரிந்துரை எழுதுவது அதைவிட எளிதாக இருப்பதுதான் வருத்தம்.

கலைச்சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. வேறுபாடு முக்கியத்துவம் வாய்ந்தது என்று எழுதுகிறோம். தற்செயலால் இவ்வளவு வருவது அரிது என்பதற்கு மேல் அத்தொடருக்குக் கணக்கில் பொருளில்லை. படிப்போர் அதை முதன்மையானது, கருதத்தக்கது என்றே கொள்கின்றனர். எழுதுவோரும் அவ்வாறே கொண்டு முடிவுரை எழுதுகின்றனர். புள்ளியியல் பாடநூல்களில் பயிலும் மிகைகாண் என்னும் அடை இவ்விடத்தில் மேலானது என்பது என் கருத்து. எதிர்பார்த்ததைவிட மிகையாகக் காணப்பட்டது என்ற அளவில் அது நிற்கிறது. சொல் எதுவாயினும், பி மதிப்பை அடுத்து, மொத்த மாறுபாட்டில் குழு விளக்கும் பங்கு எவ்வளவு என்னும் எண்ணையும் தருவதைக் கட்டாயமாக்கலாம். மேலே காட்டிய முதல் எடுத்துக்காட்டில் அது 42/48, அதாவது 87.5 விழுக்காடு, இரண்டாவதில் 42/138, ஏறத்தாழ 30 விழுக்காடு.

தமிழ்த்துறை ஆய்வாளர் தரவுகளைக் கொடுத்து, வெளியிலிருக்கும் கணினி மையத்தில் அட்டவணை வாங்கிவரும் வழக்கம் நாம் அறியாததன்று. கணக்குப் போட்டுத் தருபவர் திறமையானவராகவே இருக்கலாம். ஐங்குறுநூற்றில் ஒரு திணைக்கு ஒரு புலவர் என்பதை அவர் எப்படி அறிவார்? பத்து என்னும் கட்டமைப்பை, ஈற்றயலடி குறைவதை, அகநானூற்றின் எண்முறையை அவரிடம் யார் சொல்வது? எது குழு, எது அலகு, எது எதனோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது என்னும் மூன்றும் கணக்கு தொடங்குவதற்கு முன்னர் நூலறிந்தவர் விடைசொல்ல வேண்டிய வினாக்கள். அதனால் புள்ளியியல் பகுதியைத் தமக்குரியதன்று என்று நெறியாளர்களும் புறத்தேர்வாளர்களும் புரட்டிவிட்டுப் போவதை ஏற்க இயலவில்லை. வாய்மொழித் தேர்வில் எஃப் மதிப்பின் சூத்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஐந்து குழுக்களும் திணையைத் தவிர வேறு எதில் வேறுபடுகின்றன என்று ஒருவர் கேட்டிருந்தால், அன்றே நான் விழித்திருப்பேன்.

இப்போது முனைவர்பட்ட ஆய்வில் அவ்வியலை மீண்டும் எழுதுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட திணைகளில் போதிய பாடல்கள் உடைய புலவர்களை மட்டும் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருடைய பாடல்களையும் அவருடைய பிற திணைப் பாடல்களோடு மட்டுமே ஒப்பிடுகிறேன். பட்டியல் மிகச் சுருங்கிவிட்டது. ஐந்திணை ஒப்பீடாகத் தொடங்கியது பெரும்பாலும் குறிஞ்சிக்கும் பாலைக்கும் இடையிலான ஒப்பீடாக நிற்கிறது. முல்லைக்குச் சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. ஓரம்போகியாருக்கு ஐங்குறுநூற்றுக்கு வெளியே உள்ள பாடல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே அவருடைய நூறு பாடல்களும் இவ்வியலில் மருதம் என்ற தலைப்பின்கீழ் வரவில்லை. ஓரம்போகியார் என்ற தலைப்பின்கீழ், ஒப்பீடு எதுவுமின்றி, தனியே வருகின்றன.